கர்ப்ப கால இடுப்பு வலி: முதல்முறை தாயாகப் போகிறவர்களுக்கு

என் முதல் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு போன் போட்டு, "இடுப்பு வலிக்குதும்மா" என்றேன். அம்மாவின் குரலே மாறிவிட்டது. "அதுக்குள்ளயா? தண்ணி எதுவும் போச்சா? மாப்பிள்ளை வீட்லதான இருக்காரு?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் சொன்னது, இரவெல்லாம் புரண்டு படுத்ததில் பிடித்துக்கொண்ட வலியை. அம்மாவின் காதில் விழுந்தது பிரசவ வலி.

நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அதனால் முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண் இடுப்பைப் பிடித்தால் வீட்டில் பதறுகிறார்கள், இல்லையென்றால் "வயித்துல பிள்ளைன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்காவது இந்த வலி வருகிறது என்பது உண்மை. பலருக்கும் வருகிறது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதில்லை. என் முதல் கர்ப்பத்தில் மூன்று மாதத் தூக்கத்தைத் தொலைத்த பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை இரண்டாவது கர்ப்பத்தில் முதல் நாளிலிருந்தே செய்தேன். வலி வந்தது, ஆனால் என்னைப் படுக்கப் போடவில்லை. நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவளாக, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரிசையில் சொல்கிறேன்.

ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள்

வலிக்கும்போது, எந்த இடத்தில் என்று ஒரே ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். "இடுப்பு" என்று மொத்தமாகச் சொல்வதைவிட இது டாக்டருக்கும் உங்களுக்கும் பல மடங்கு உதவும்.

விரல் பாவாடை நாடா கட்டும் இடத்தில், முதுகெலும்பை ஒட்டிப் போய் நின்றால் அது கீழ்முதுகு வலி. வெகுநேரம் நின்றால், உட்கார்ந்தால், குனிந்து நிமிர்ந்தால் கூடும். காலையில் லேசாக இருப்பது சாயங்காலம் ஆக ஆக ஏறும்.

விரல் அதற்கும் கீழே, இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும் இடத்துக்கோ புட்டத்துக்குள்ளோ போனால் அது இடுப்பெலும்பு மூட்டின் வலி. பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். மாடிப்படி ஏறும்போது, படுக்கையில் திரும்பும்போது, ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போது சுருக்கென்று இழுக்கும். சிலருக்கு முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பிலும் வலிக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது குறைவானவர்களுக்கே வருகிறது. புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஷாக் அடித்த மாதிரி பாயும். இது நரம்பு சம்பந்தப்பட்டது. வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வகைக்கு நடப்பது நல்லது. இரண்டாம் வகைக்கு நீண்ட நடையும் படிக்கட்டும் வலியைக் கூட்டும். எனக்கு வந்தது இரண்டாம் வகை. அது தெரியாமல், "நல்லா நட, சுகப்பிரசவம் ஆகும்" என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு தினமும் முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தேன். அங்கே போக இரண்டு மாடி ஏற வேண்டும். ராத்திரி படுக்கையில் திரும்பவே முடியாமல் அழுதிருக்கிறேன். அந்த மாதிரி வலி உள்ளவர்கள் சமதளத்தில், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, சின்னச் சின்ன எட்டு வைத்து நடந்தால் போதும்.

ஏன் வலிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் முதலான ஹார்மோன்கள், குழந்தை வெளியே வர வழிவிடுவதற்காக மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னால் வளர வளர, விழாமல் இருக்க நாம் அறியாமலே முதுகைப் பின்னால் வளைத்து நிற்கிறோம். வயிற்றுத் தசைகள் விரிந்து பலம் குறைவதால், அவை தாங்க வேண்டிய சுமையும் முதுகின் மேல் விழுகிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த வளைவைக் குறைப்பதற்கும் தளர்ந்த மூட்டை முறுக்காமல் இருப்பதற்கும்தான்.

படுக்கையில் தொடங்குங்கள்

இரவில் முதுகு ஓய்வெடுத்தால் பகலைச் சமாளித்துவிடலாம். ஒருக்களித்துப் படுங்கள். ஏழாவது மாதத்திலிருந்து (28 வாரம்) இது குழந்தைக்கும் நல்லது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். இடது பக்கம் என்பார்கள்; வலது பக்கமும் படுக்கலாம். நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

இனி தலையணை. முழங்கால்களுக்கு நடுவே மட்டும் வைத்தால் போதாது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேல் கால் முழுதும் தலையணை மேல் இருக்க வேண்டும். பாதம் மட்டும் கீழே தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைத்தாற்போல் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கென்றே விற்கும் பெரிய தலையணை தேவையில்லை. நான் பழைய போர்வையை இறுக்கச் சுருட்டி, பருத்திப் புடவையால் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன்.

திரும்பிப் படுக்கும் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: "அப்படியே புரளாத, கொடி சுத்திக்கும், எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு." தொப்புள்கொடி சுற்றுவது குழந்தை உள்ளே அசைவதால் நடப்பது, நாம் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரவில் ஏழெட்டு முறை எழுந்து உட்கார்ந்தால் இடுப்புதான் நொந்துபோகும். இப்படித் திரும்புங்கள்: முழங்கால்களை மடக்கி, இரண்டையும் ஒட்டி வைத்து, தலையணையை இடுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், மரக்கட்டை உருள்வது மாதிரி. தோள் முதலில் போய் இடுப்பு பின்னால் வந்தால்தான் அந்தச் சுருக் வரும். இடுப்புக்கு அடியில் வழுவழுப்பான பாலியெஸ்டர் புடவை ஒன்றை விரித்துக்கொண்டால் சுலபமாக வழுக்கித் திரும்பலாம். எனக்கு மாத்திரை தராத நிம்மதியை அந்தப் புடவை தந்தது.

எழும்போது "ஒருக்களிச்சு எழு" என்று பாட்டிமார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலை மடக்கி முன்னால் வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழலாம்.

அடுக்களையில் எதை நிறுத்த வேண்டும்

வீட்டில் மற்றவர்களிடம் கேட்டு மாற்ற வேண்டியது இங்கேதான் அதிகம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கிரைண்டர் கல்லைத் தூக்காதீர்கள். என் வலி முற்றியதே ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அரைத்த அன்றுதான். மாவு வழுக்கும் கல்லை, உடம்பை விட்டுத் தள்ளி, குனிந்த வாக்கில் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பி வைத்தேன். எடை, குனிதல், முறுக்குதல் மூன்றும் ஒரே நேரத்தில். அரைப்பதை நீங்கள் அரையுங்கள், கல்லை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. நிறைந்த வீட்டு காஸ் சிலிண்டரில் 14.2 கிலோ காஸ், இரும்பு உருளையின் எடை தனி. இவற்றை உருட்டக்கூட வேண்டாம். குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஒன்பது மாதமும் அதை நிறுத்துங்கள். ஒற்றைப் பக்கச் சுமையைத் தளர்ந்த மூட்டு தாங்காது. தண்ணீர் எடுத்தே ஆக வேண்டிய வீடு என்றால் இரண்டு சின்ன வாளியில் பாதி பாதி, இரண்டு கையிலும் சமமாக. மூத்த பிள்ளை "தூக்கு" என்று கையை நீட்டினால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள்.

அடுப்பு முன்னால் நிற்கும்போது காலடியில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு, ஒரு காலை அதன் மேல் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை காலை மாற்றுங்கள். முதுகின் வளைவு குறைவதை உடனே உணர்வீர்கள். இடுப்பெலும்பு மூட்டில் வலி உள்ளவர்கள் ஒரு காலில் எடை போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்வது நல்லது. காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் மேசையில் நடக்கட்டும். அரிவாள்மணைக்கு ஓய்வு கொடுங்கள். கூட்டுவதற்கு நீளக் கைப்பிடி உள்ள துடைப்பம். குனிந்து தரை துடைத்தால் சுகப்பிரசவம் என்பதை நம்பி முதுகு வலியோடு வீடு முழுக்கத் துடைக்காதீர்கள்.

கீழே விழுந்ததை எடுக்க இடுப்பிலிருந்து குனியாமல், எதையாவது பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்குங்கள். அதைவிட நல்லது, யாரையாவது எடுத்துத் தரச் சொல்வது.

உட்காருவது, போய்வருவது

நாற்காலியில் பின்புறம் முழுதும் உள்ளே போகும்படி உட்கார்ந்து, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பாதம் தரையில் படியாவிட்டால் அடியில் ஏதாவது போடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் இதற்கு போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். பேருந்தில் பின் சீட்டைத் தவிர்த்து நடுப்பகுதியில் உட்காருங்கள், குலுக்கல் குறைவு. பைக்கில் ஒரு பக்கமாக உட்காருவது இடுப்பை முறுக்குகிறது. இடுப்பெலும்பு மூட்டில் வலி வந்துவிட்டால் ஆட்டோவோ காரோ பாருங்கள். செருப்பு குதிகாலைப் பிடித்து நிற்க வேண்டும். உயர்ந்த ஹீல்ஸும் வேண்டாம், தேய்ந்து தட்டையான ஹவாய் செருப்பும் வேண்டாம்.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உட்கார்ந்து எழும் இந்தியன் டாய்லெட் வலியைக் கூட்டினால், அதன் மேல் போட்டு உட்காரும் நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையால் வரும் மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால், முக்குவதில் இடுப்பு இன்னும் நோகும். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா இவற்றைக் கூட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று பயிற்சிகள்

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உதிரப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தபடி செய்யும் பயிற்சிகள் வேண்டாம்.

1. சுவரில் சாய்ந்து: தோளும் பின்புறமும் சுவரில் படும்படி நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். தொப்புளை முதுகுப் பக்கமாக இழுங்கள். இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மூடும். நான்கு எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை. மூச்சை அடக்க வேண்டாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்துவிடலாம்.

2. பூனை மாதிரி: பாயில் கையும் முழங்காலும் ஊன்றி நில்லுங்கள். கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. வயிற்றை உள்ளிழுத்து முதுகைக் கூரைப் பக்கம் மெல்ல உயர்த்துங்கள், தலை தொங்கட்டும். சில நொடி நின்று முதுகை நேராக்குங்கள். நேரானதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கும் கீழே தொய்ய விடக் கூடாது. பத்து முறை. குழந்தையின் பாரம் முதுகிலிருந்து இறங்கித் தொங்குவதால், இந்த நிலையில் சும்மா நிற்பதே சுகமாக இருக்கும்.

3. அடித்தளத் தசை: சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளிழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. பிரசவத்துக்குப் பிறகு தும்மும்போது சிறுநீர் கசிவதைத் தடுக்கவும் இது உதவும்.

செய்த பிறகு வலி கூடினால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். நடையும் பயிற்சியும் சேர்த்து வாரத்துக்கு 150 நிமிடம் என்பது ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அன்றாடம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வயிற்றைத் தாங்கும் பெல்ட் சிலருக்கு நன்றாகவே உதவும். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். நடக்கும் வேலையுள்ள நேரத்தில் மட்டும். அளவையும் கட்டும் முறையையும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக்கொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, செக்கப்புக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

ஒத்தடம், தைலம், மாத்திரை

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, முதுகில் மட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். புறங்கையில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. வயிற்றில் ஒத்தடம் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தொட்டு, நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்க, கணவரோ அம்மாவோ உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடலாம். சுளுக்கு எடுப்பவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள். தளர்ந்திருக்கும் மூட்டை இழுத்து முறுக்குவது ஆபத்து.

மாத்திரை விஷயத்தில் நான் தப்பித்தது கொஞ்சத்தில். இடுப்பு வலி என்று மட்டும் சொல்லி மருந்துக் கடையில் கேட்டபோது ஒரு அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்த மாத்திரை. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நிமிசுலைடு இவை எதையும் கர்ப்ப காலத்தில் டாக்டர் எழுதித் தராமல் தொடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாயை நேரத்துக்கு முன்பே சுருக்கலாம். வலிக்குத் தடவும் பல ஜெல்களிலும் டைக்ளோஃபெனாக் இருக்கிறது, டியூபைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமால் மட்டும் என்றாலும், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாய் திறந்ததும் முதல் வார்த்தையாக "நான் கர்ப்பமா இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்

வலி விட்டுவிட்டு, ஒரு கணக்கோடு வருகிறதா என்று கடிகாரத்தைப் பாருங்கள். இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வந்து, அப்போது வயிறு கல் மாதிரி இறுகி, பிறகு தளர்ந்து, மறுபடி வந்தால் அது பிரசவ வலியாக இருக்கலாம். "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி, அடங்கிடும்" என்பார்கள். ஒன்பதாம் மாதம் நிறையும் நேரத்தில் அப்படிச் சற்று நேரம் பார்க்கலாம். 37 வாரம் முடியும் முன் இப்படி வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், உடனே கிளம்புங்கள்.

உதிரப்போக்கு, தண்ணீர் போவது, குழந்தையின் அசைவு குறைவது, கீழே விழுந்த பிறகு வரும் வலி, இவை எதற்கும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் குளிரும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்க முதுகில் வலியும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். கால் பலமிழப்பது, சிறுநீரோ மலமோ போவது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இவையும் அவசரம்தான். தமிழ்நாட்டில் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மற்றவர்களை எழுப்ப வேண்டுமே என்று தயங்க வேண்டாம்.

வளைகாப்பு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நிறையப் பேர் முதுகு பிடித்துக்கொண்டு திரும்புவது இந்த நாளில்தான். கனத்த பட்டுப் புடவை, கழுத்தில் மாலை, மணையில் இரண்டு மணி நேரம், ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுவது. முன்கூட்டியே மாமியாரிடமோ அம்மாவிடமோ பேசி, கைப்பிடி உள்ள நாற்காலியும் முதுகுக்கு ஒரு தலையணையும் போடச் சொல்லுங்கள். என் இரண்டாவது வளைகாப்பில், "உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம் வாங்கிக்கட்டும்" என்று என் மாமியாரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிள்ளை பிறந்த பிறகு

அன்றே வலி போய்விடாது. தளர்ந்த மூட்டு இறுக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சிசேரியன் ஆனவர்கள் ஆயுளுக்கும் "முதுகுல ஊசி போட்டதால வந்த வலி" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். நீண்ட நாள் முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை. ராத்திரி பகலாகக் குனிந்தபடி பால் கொடுப்பதும், பலம் குறைந்த வயிற்றோடு தூக்கி இறக்குவதும்தான் பெரும்பாலும் காரணம். பால் கொடுக்கும்போது சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் இரண்டு தலையணையை அடுக்கி, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மாதம் கழித்தும் வலி குறையவில்லை என்றால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.